மோட்டார் பெரிதாக இருந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கும்போது பலரும் கேட்கும் முதல் கேள்வி, "ப்ராசஸர் எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்பதுதான். வேகமான ப்ராசஸரை வாங்கி, அதனுடன் பழைய ஹார்ட் டிஸ்க்கையே மாட்டிவிட்டு, "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ" என்று புலம்புவார்கள். டெலஸ்கோப்புக்கு மோட்டார் பொருத்துபவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். நானும் செய்தேன்.

டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் அடிப்பகுதிக்கு மவுண்ட் என்று பெயர். பூமி 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் ஒரு சுற்று சுற்றிவிடுவதால், மவுண்ட்டும் அதே வேகத்தில் திரும்பினால்தான் நட்சத்திரம் பார்வையில் நிற்கும். கையால் திருப்பும் மவுண்ட்டில் இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்களைப் பொருத்தி, ஆன்ஸ்டெப் என்ற இலவச சாஃப்ட்வேரைக் கொண்டு ஒரு கண்ட்ரோலர் செய்துவிட்டால், அந்த வேலையை கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாம். ஸ்டெல்லேரியத்தில் ஒரு கிரகத்தை க்ளிக் செய்தால் டெலஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும்.

2020 டிசம்பர் 21 மாலை வியாழனும் சனியும் வானில் பத்தில் ஒரு டிகிரி இடைவெளியில் நின்றன. அதைப் படம் எடுக்கத்தான் என் ஈக்யூ5 ரக மவுண்ட்டைத் தயார் செய்தேன். கடைக்காரர் சொன்னபடி கனமான நீமா 23 மோட்டார், அதற்கு இரண்டு பல்சக்கரங்கள். அன்று திசை மாற்றும் பட்டனை அழுத்தினால் சில நொடிகள் எதுவும் அசையாது. பிறகு படம் ஒரேயடியாக நகர்ந்துவிடும். லேப்டாப்பில் செட்டிங்குகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இரண்டு கிரகங்களும் மறைந்துவிட்டன. அவ்வளவு நெருக்கமாக அவை மீண்டும் சேர்வது 2080-இல்தான்!

குற்றம் சாஃப்ட்வேரில் இல்லை. பல்சக்கரங்களின் பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் காரணம். மெக்கானிக்குகள் இதை 'ப்ளே' என்பார்கள். மோட்டார் எதிர்த் திசையில் சுற்றத் தொடங்கினால், முதலில் அந்த இடைவெளி தீர வேண்டும். அதுவரை டெலஸ்கோப் நகராது. மோட்டார் எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது. போதாக்குறைக்கு, அந்தக் கனமான மோட்டார் தொங்கிய தகடு வேறு வளைந்தது.

சரி, எது போதும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈக்யூ5 மவுண்ட்டின் வார்ம் கியரில் 144 பற்கள். ஒரு சுற்றுக்கு 400 ஸ்டெப் எடுக்கும் 0.9 டிகிரி மோட்டார்; டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப்; மோட்டாரில் 16 பல் புல்லி, வார்மில் 48 பல் புல்லி, அதாவது மூன்றுக்கு ஒன்று. 400 x 16 x 3 x 144 = 27,64,800 ஸ்டெப். ஒரு முழு வட்டம் 12,96,000 ஆர்க் செகண்ட் என்பதால், ஒரு ஸ்டெப்புக்கு அரை ஆர்க் செகண்ட்டுக்கும் குறைவு. வீட்டு டெலஸ்கோப்புக்கு இது தாராளம்.

நட்சத்திரத்தைத் தொடரும்போது இந்த மோட்டார் ஒரு சுற்று முடிக்க மூன்று நிமிடத்துக்கும் மேல் ஆகும். நொடிக்கு 2 டிகிரி வேகத்தில் வேறு இடத்துக்குத் திருப்பினாலும் நிமிடத்துக்கு 144 சுற்றுதான். எடையைச் சரியாக பேலன்ஸ் செய்த டெலஸ்கோப்புக்கு, 42 மில்லிமீட்டர் சதுரமுள்ள சிறிய நீமா 17 மோட்டாரே போதும்.

"அப்படியானால் மைக்ரோஸ்டெப்பை 256 ஆக்கிவிட்டால் புல்லியே தேவையில்லையே?" என்று கேட்கலாம். கணக்கில் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு மைக்ரோஸ்டெப்பில் கிடைக்கும் தள்ளுவிசை மிகக் குறைவு. உராய்வில் அது காணாமல் போய்விடும். நம்பகமான துல்லியத்தைத் தருவது கியர்தான். அதற்காக விகிதத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது. மோட்டார் வேகமாகச் சுற்றச் சுற்ற அதன் இழுவிசை குறைந்து, ஸ்டெப் தவறத் தொடங்கும்.

எனவே என் கருத்து இதுதான். முதலில் வார்மின் ப்ளேயைச் சரிசெய்யுங்கள். அடுத்து, பல்சக்கரத்துக்குப் பதில் டைமிங் பெல்ட் போடுங்கள். மோட்டாரைக் கடைசியாக வாங்குங்கள். நான் பிறகு அப்படித்தான் மாற்றினேன். இப்போது பட்டனை அழுத்தினால் கிரகம் உடனே நகர்கிறது.

சாஃப்ட்வேரில் எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்புவது எங்கள் தொழிலில் இருப்பவர்களின் பழக்கம். ஆட்டம் காணும் இரும்பை எந்த சாஃப்ட்வேரும் இறுக்கித் தராது. அதற்கு ஸ்பேனர்தான் வேண்டும்.