முதல் கொடி வேடனுக்கு



தை இதழின் சமையல் பக்கத்தில் நாட்டுக்கோழிப் புலுசும் ராகி சங்கடியும் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கனுமப் பண்டிகைக்கு விஜயபுரம், நகரி, புத்தூர்ப் பக்கத்து வீடுகளில் அடுப்பேறுவது அதுதான் என்பதால் அதிகம் யோசிக்காமல் போட்டோம். கடிதங்கள் நிறைய வந்தன. பெரும்பாலும் புளி அளவைப் பற்றியவை. எங்கள் அம்மா கசகசா அரைத்து ஊற்றுவார் என்று திருத்தியவை. இரண்டு கடிதங்கள் மட்டும் வேறு மாதிரி. அவற்றுக்கு அஞ்சலட்டையில் பதில் எழுதி முடிக்க என்னால் முடியவில்லை. அதனால் இந்த மாதப் பக்கத்தை அவற்றுக்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கடிதம் திருத்தணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவருடையது. வள்ளலார் வழியில் நிற்பவர், பல்லாண்டுகளாகப் புலால் தொடாதவர். நம் இதழ்களை எல்லாம் பூஜை அறை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாராம். தை இதழை மட்டும் அங்கே வைக்க மனம் வரவில்லை, திண்ணையிலேயே வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். கடிதத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னை அதிகம் தைத்தது.

இரண்டாவது, விஜயபுரம் மண்டலத்தில் மலையடிவாரக் கிராமத்துத் தம்பி ஒருவர் எழுதியது. கோழியெல்லாம் சரி, காடை, கௌதாரி பற்றி ஏன் எழுதுவதில்லை என்று தொடங்கியிருந்தார். அவருடைய தாத்தா கண்ணி வைப்பதில் பேர் போனவர். இன்றைக்கு அந்தக் கண்ணியைக் கையில் வைத்திருந்தாலே கேஸ். "பறவை முட்டை வைக்கிற மாசத்துல எங்க தாத்தா கண்ணியை எடுக்கவே மாட்டார். காட்டை அழிச்சது நாங்களா, ஐயா?" என்று கேட்டிருந்தார்.

இரண்டு கடிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசி இதழுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. காளத்திச் சிவராத்திரிப் படங்கள் வந்து சேர்ந்தபோதுதான், இந்த இரண்டு பேரும் ஏற்கெனவே ஓரிடத்தில் சந்தித்தவர்கள் என்று தோன்றியது.

காளத்திப் பிரம்மோற்சவம் எப்படித் தொடங்கும் என்று நம் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். முதல் கொடி சிவனுக்கு இல்லை. கோயிலை ஒட்டிய மலைமேல் கண்ணப்பர் சந்நிதியில் கொடியேறும். காளத்திநாதருக்கு அதற்குப் பிறகுதான். பன்றிக்கறியைக் கடித்து ருசி பார்த்துப் படைத்த ஒரு வேடனுக்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டுத் தனக்குக் கொடியேற்றிக்கொள்கிற சாமி அது. கொஞ்ச தூரத்தில் திருமலை. அங்கே மலைமேல் புலாலுக்கு இடமே இல்லை. ஆனாலும் சங்கராந்திக்கு மறுநாள், அதே கனுமப் பண்டிகையன்று, மலையப்ப சுவாமி பார்வேட்டை மண்டபத்துக்கு வேட்டைக்குப் போகிறார். அர்ச்சகர் ஓடிப்போய் அவர் சார்பில் ஈட்டி எறிவார். எந்த உயிரும் சாகாது. புலால் வேண்டாம் என்பதையும் வேட்டை எங்கள் பிறவித் தொழில் என்பதையும் இந்த மண் சேர்த்தே சுமந்து வந்திருக்கிறது.

பின்னாளில் கண்ணப்பரான திண்ணன் கதையை நம்மில் பலர் கண்ணில் ரத்தம் வழிந்த இடத்திலிருந்துதான் நினைவில் வைத்திருக்கிறோம். தெலுங்குக் கவிஞர் தூர்ஜடி பாடியதும், சினிமாவாக வந்ததும் அந்தக் காட்சியையே மனதில் நிறுத்திவிட்டன. நான் இந்த வாரம் பெரியபுராணத்தை எடுத்து, அதற்கு முன்னால் உள்ள வேட்டைப் பகுதியை நிதானமாகப் படித்தேன். 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் சேக்கிழார், குன்றத்தூர்க்காரர். அவருக்கு வேட்டை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பொத்தப்பி நாட்டு உடுப்பூர் வேடர்கள் காட்டுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு பாட்டு வைத்திருக்கிறார். அதன் பொருளை மட்டும் சொல்கிறேன். யானைக் கன்றை அவர்கள் துரத்த மாட்டார்கள். விலங்குகளின் சிறு குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள். வயிற்றில் கருவைச் சுமந்து கால் தளர்ந்து நடக்கும் பெண்மானை அலைக்கழிக்க மாட்டார்கள். கொலையே தொழிலாகக் கொண்டவர்கள் என்று சொல்கிற அதே பாட்டில், எதையெல்லாம் விட்டுவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறார்.

தம்பியின் தாத்தா முட்டை மாதத்தில் கண்ணி எடுக்காததும் இதுதான். அவர் பெரியபுராணம் படித்திருக்க மாட்டார். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது அவருடைய அப்பாவாக இருக்கும், இல்லை காடாக இருக்கும்.

பெரியபுராணத்தில் அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் ஒரு பன்றி தப்பி ஓடுகிறது. திண்ணன் அதை நெடுந்தூரம் துரத்திக் கொல்கிறான். உடன் வந்தவர்கள் நாணன், காடன் இருவர் மட்டுமே. காடன் தீக்கடைந்து நெருப்பு மூட்டுகிறான். திண்ணன் வெந்த கறியைக் கடித்துப் பார்க்கிறான், மலைமேல் இருக்கும் சாமிக்கென்று நல்லதை இலையில் வைக்கிறான், மற்றதைத் துப்புகிறான். பசியில் இருப்பவன் தானும் தின்னவில்லை, நமக்கும் தரவில்லையே, பித்துப் பிடித்துவிட்டதா என்று தோழர்கள் இருவரும் திகைக்கிறார்கள். பிறகு பொன்முகலி ஆற்று நீரை வாயில் நிரப்பி, பூவைத் தலையில் செருகி மலையேறுகிறான். இரவெல்லாம் வில்லோடு நின்று, தனியாக இருக்கும் சாமியை மிருகங்கள் எதுவும் செய்துவிடாமல் காவல் காக்கிறான்.

காலையில் வருகிறவர் பூஜை செய்யும் அந்தணர் சிவகோசரியார். எலும்பும் இறைச்சியும் சிந்திக் கிடக்கும் சந்நிதியைப் பார்த்துப் பதறுகிறார். துடைக்கிறார், குளித்துவிட்டு வந்து மறுபடி பூஜை செய்கிறார். மறுநாளும் அப்படியே. தாங்க முடியாமல் அழுது முறையிடுகிறார். எனக்கு இந்த இடம் முக்கியம். சேக்கிழார் அந்த அந்தணரைக் கேலி செய்யவே இல்லை. அந்தணருடைய அருவருப்பும் அன்பிலிருந்து வந்தது என்று சேக்கிழாருக்குத் தெரியும். சிவனும் கனவில் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நாளைக்கு ஒளிந்திருந்து பார் என்கிறார், அவ்வளவுதான். ஆறாம் நாள் அவர் ஒளிந்திருந்து பார்த்தார். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

திருத்தணிப் பெரியவரே, உங்கள் கடிதத்தை நான் சிவகோசரியாரின் கண்ணீராகவே எடுத்துக்கொள்கிறேன். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் என்று இரண்டு ஒதுக்கியிருக்கிறார். அவரோடு வாதாட என்னிடம் எதுவும் இல்லை. கொல்லாமல் வாழ முடிகிறவர் வாழ்வது உயர்ந்தது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் நீங்கள் வணங்கும் வள்ளலாரையே நினைத்துப் பாருங்கள். புலால் உண்பவரைப் புற இனத்தார் என்று பிரித்தவர் அவர். அந்த அளவுக்குக் கண்டிப்பானவர், அவர்களுக்கும் பசியை மட்டும் ஆற்றச் சொன்னார். 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு, யார் என்ன தின்கிறார் என்று கேட்டுச் சோறு போட்டதில்லை.

மணிமேகலையில் சாதுவன் என்று ஒருவன் வருவான். கப்பல் உடைந்து, நாகர்கள் வாழும் மலையில் ஒதுங்குகிறான். அவர்கள் தலைவனிடம் கள்ளும் ஊனும் வேண்டாம் என்று அறம் பேசுகிறான். அவற்றை விட்டால் இந்த உடம்பில் உயிர் தங்காது, எங்களால் முடிகிற அறத்தைச் சொல் என்கிறான் தலைவன். சாதுவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. கப்பல் உடைந்து வருகிற மனிதரைக் கொல்லாதே, மூப்பால் தானே சாகிற விலங்கைத் தவிர வேறு எதற்கும் தீங்கு செய்யாதே என்று ஒரு படி இறங்கிச் சொல்கிறான். அந்தத் தலைவனும் ஏற்றுக்கொள்கிறான். இன்று புலால் பற்றி நடக்கும் சண்டைகளைக் கேட்கும்போது, இப்படி ஒரு படி இறங்கி வருகிறவர் யாரும் இல்லையே என்று ஏங்குகிறேன்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் கறி சாப்பிடுகிறவன். என் பாட்டி வீட்டில் வருடத்துக்கு நான்கைந்து நாள்தான் கறி. அடித்த கோழி முந்தின நாள் வரை வாசலில் மேய்ந்த கோழியாக இருக்கும். அதற்கு ஒரு பெயரும் இருக்கும். அறுக்கும் முன் அதற்குத் தண்ணீர் காட்டுவாள் பாட்டி. இப்போது ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நின்று, கூண்டுப் பக்கம் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஸ்கின்லெஸ் ஒரு கிலோ என்கிறேன், கறுப்புப் பையை வாங்கிக்கொண்டு வருகிறேன். நாட்டுக்கோழி கறிக்கு ஆக ஐந்தாறு மாதமாவது வேண்டும். பிராய்லர் ஏறக்குறைய நாற்பது நாளில் இரண்டு கிலோவுக்கு ஊதிவிடுகிறது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்த நாட்டின் கோழியினம் 85 கோடிக்கு மேல். அவற்றில் ஒன்றின் முகத்தையாவது நான் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். திண்ணன் கொன்ற பன்றியைத் திண்ணன் பார்த்தான். தாத்தா பிடித்த காடையைத் தாத்தா பார்த்தார். புலாலே தொடாத பெரியவர், கோழியை உயிராகப் பார்க்கிறார். பார்க்காமலேயே தின்கிறவன் நான்தான். சமையல் குறிப்புப் போட்டது தவறென்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. ஆனால் அதில் கோழியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மசாலாவைப் பற்றி மட்டுமே இருந்தது. அந்தக் குறை என்னுடையது.

தம்பி, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணியைத் திரும்ப எடுக்காதீர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயலும் கௌதாரியும் அதற்குள் வருகின்றன. உடும்பு, புலியோடு ஒரே அட்டவணையில் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் தாத்தா முட்டை மாதம் பார்த்து விட்டுவிட்டார் என்றால், மற்ற மாதங்களுக்குப் போதுமான காடை அன்று இருந்தது. இன்று மலையைச் சுற்றிக் கல்குவாரியும் பிளாட்டும் மாந்தோப்பும் நெருங்கிவிட்டன. அவர் இருந்தால் பன்னிரண்டு மாதத்தையும் முட்டை மாதமாகத்தான் கணக்குப் பண்ணியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. காட்டை அழித்தது நீங்கள் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு பலர். ஆனால் மிச்சம் இருக்கிற பறவைக்கு அந்த நியாயம் தெரியாது.

கண்ணியை விடக் கொடியது ஒன்று நம் வயல்களில் இருக்கிறது. காட்டுப்பன்றி நிலக்கடலையைக் குதறிவிட்டுப் போகிற வலி எனக்குத் தெரியும். ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தின் வருஷம் போய்விடும். அதற்காக வரப்பில் திருட்டு கரண்ட் இழுத்துக் கம்பி கட்டுகிறோம். அந்தக் கம்பியில் பன்றி மட்டுமா சாகிறது? தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயி செத்திருக்கிறார். யானைகள் செத்திருக்கின்றன. சேக்கிழாரின் வேடன் கன்றைப் பார்த்தான், சினைமானைப் பார்த்தான், வில்லைத் தாழ்த்தினான். மின்கம்பிக்குக் கண் இல்லை. வேலிகளுக்கும் பயிர் இழப்பீட்டுக்கும் அரசை விடாமல் கேட்போம். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று ஆணை போட்டார்கள். அது சரியா தவறா என்று விவாதிக்கலாம். சுடுகிற இடத்தில் பார்க்கிற ஒரு மனிதராவது இருப்பார்.

வேட்டைக்காரரின் அந்தக் கண் வீணாகப் போகக் கூடாது என்பதே என் கவலை. எலும்பு முறிவுக்குப் போடும் நம் புத்தூர்க் கட்டு எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேசவ ராஜு என்பவர் வேட்டைக்குப் போய், அடித்த முயலைக் காட்டுத் தழையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். பிரித்துப் பார்த்தபோது ஒடிந்த எலும்பு கூடியிருந்ததைக் கவனித்தார் என்றுதான் அந்த ஊர்க் கதை சொல்கிறது. வேறொருவர் கவனிக்காமல் குழம்பு வைத்திருப்பார். பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களைப் பாருங்கள். பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றபோது அவர்கள் வயிற்றில் அடி விழுந்தது. 1978இல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சு போகிறது. அந்த இனத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களுக்கு முந்தைய தலைமுறை இருளர்கள் தோலுக்காகப் பாம்புத் தடம் பார்த்தவர்கள். தடம் பார்க்கிற அறிவு அதேதான்.

இதை எல்லாம் தம்பிக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தா கௌதாரி மாதிரியே கூப்பிடுவார், அதுவும் பதில் சொல்லும். அதை எழுதலாமா?" என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். எந்தப் பறவை எந்தப் புதரில் எப்போது கூவும், அதன் காலடி மண்ணில் எப்படி விழும் என்று மாதம் ஒரு பக்கம் எழுதப் போகிறார். முதல் கட்டுரை இந்த இதழின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. பெரியவருக்கும் போன் செய்து சொன்னேன். இதழ் வந்ததும் அந்தப் பக்கத்தை முதலில் படிக்கிறேன் என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்