விளக்கு எரிந்ததும் பேச வேண்டாம்

பள்ளிக்கூடத்தில் படம் காட்டுகிறார்கள் என்றால் மாணவர்களுக்குக் கொண்டாட்டந்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு சிறார் திரைப்பட விழா தொடங்கப்பட்டது. 6 முதல் 9 வகுப்பு வரை படிப்பவர்களுக்கு உலகத்தின் நல்ல சிறுவர் படங்களைக் காட்டுவது அதன் நோக்கம். படம் முடிந்ததும் மாணவர்கள் அதைப் பற்றிப் பேச வேண்டும், விமர்சனம் எழுத வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டிலே உண்டு. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்பதில் எனக்கு ஓர் அழுத்தமான கருத்து இருக்கிறது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் 5 நிமிடம் யாருமே வாய் திறக்கக் கூடாது. ஆசிரியரும் சேர்த்துத்தான்.

வழக்கமாக என்ன நடக்கிறது? “படம் எப்படி இருந்தது?” என்று ஆசிரியர் கேட்கிறார். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் மாணவன் ஒருவன் முதலில் எழுந்து, “மிகவும் அருமை ஐயா, நட்பின் பெருமையைக் காட்டுகிறது” என்கிறான். அவ்வளவுதான். அடுத்து எழுகிறவர்கள் எல்லாரும் நட்பின் பெருமையையே பேசுகிறார்கள். நடுவிலே கொட்டாவி விட்டவனுக்கும், ஒரு காட்சியில் பயந்துபோனவளுக்கும் அதே நட்பின் பெருமைதான். இவர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. மனித மனம் அப்படி வேலை செய்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர் சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர். 1950களின் தொடக்கத்தில் அவர் செய்த பரிசோதனை மிக எளிமையானது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் கொண்டது? சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அறையில் பல பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் சோதிக்கப்படுகிறவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரே தவறான பதிலை உரக்கச் சொல்வார்கள். பிறகு இவருடைய முறை வரும். இவ்வாறு கிடைத்த பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கண் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பின்பற்றின. அதே கேள்வியைத் தனியாக இருக்கும்போது கேட்டால் தவறு அநேகமாக இல்லை.

நமக்கு வேண்டிய செய்தி இதற்கு அடுத்தது. பதிலை வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது, கூட்டத்தின் பின்னால் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது!

கோட்டையாவது ஸ்கேல் வைத்து அளந்து தீர்த்துக்கொள்ளலாம். படத்திற்கு ஸ்கேல் ஏது? உங்கள் மனத்தில் தோன்றியது ஒன்றே சான்று. அதைக் குறித்து வைப்பதற்கு முன்பே அடுத்தவர் பேச்சு காதில் விழுந்தால், எது உங்களுடையது, எது அவருடையது என்று பிறகு பிரித்தெடுப்பது கடினம். சோதனைக்கூடத்தில் வெப்பமானியின் அளவை அவரவர் பார்த்துக் குறிக்கிறீர்கள் அல்லவா? பக்கத்து மேசையில் என்ன அளவு என்று கேட்டுக்கொண்டு எழுதினால் ஆசிரியர் சும்மா விடுவாரா?

இருட்டிலே எல்லாரும் சேர்ந்து சிரிப்பதை நான் குறை சொல்லவில்லை. தனியே இருக்கும்போதைவிடப் பிறருடன் இருக்கும்போது நாம் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று ராபர்ட் புரொவைன் என்ற ஆராய்ச்சியாளர் கண்டார். விழாவுக்குப் போவதே அந்தச் சுகத்திற்காகத்தான். நான் சொல்வது அதற்குப் பிந்திய 5 நிமிடத்தை.

ஓர் உதாரணம். 1956இல் ஆல்பர்ட் லமோரீஸ் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்த ‘சிவப்பு பலூன்’ என்ற படம் சுமார் 35 நிமிடமே ஓடுவது. வசனம் அநேகமாக இல்லை. பாரீஸ் நகரத்துச் சிறுவன் ஒருவனை ஒரு பலூன் நாய்க்குட்டிபோல் பின்தொடர்கிறது. முரட்டுப் பையன்கள் அதை உடைத்துவிடுகிறார்கள். முடிவில் ஊரிலுள்ள பலூன்களெல்லாம் திரண்டு வந்து சிறுவனை வானத்தில் தூக்கிச் செல்கின்றன. பலருக்குக் கண் கலங்கும். வேறொருவனோ, இத்தனை பலூன் ஒரு பையனைத் தூக்குமா என்று மனக்கணக்குப் போடுவான். ஒரு லிட்டர் ஹீலியம் சுமார் 1 கிராம் எடையைத் தூக்கும். 30 செ.மீ. விட்டமுள்ள பலூனில் ஏறத்தாழ 14 லிட்டர் வாயு இருக்கும். ரப்பரின் எடையைக் கழித்தால் 11 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ எடையுள்ள பையனுக்கு 2,200 பலூன்களுக்கு மேல் வேண்டும். திரையில் அவ்வளவு இல்லை.

கண் கலங்கியதும் படத்தைப் பார்த்ததன் விளைவு. கணக்கும் படத்தைப் பார்த்ததன் விளைவு. முதலில் எழுந்தவன் “மனத்தை உருக்கியது” என்று சொல்லிவிட்டால் கணக்குப் போட்டவன் வாயை மூடிக்கொள்வான். அவன் கேள்வியும் வகுப்பை விட்டே போய்விடும். எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தோன்றுகிறது.

பார்த்தவர்களின் கருத்தையே பெரிதாக எண்ணுவது புதிய யோசனை அல்ல. 1932இல் வெனிஸ் நகரில் முதல் திரைப்பட விழா நடந்தபோது, நடுவர் குழு அமைக்காமல் பார்வையாளர்களின் வாக்கைத்தான் கேட்டார்கள். கேரள சர்வதேசத் திரைப்பட விழாவிலும் பார்வையாளர் வாக்குக்கென்று ஒரு பரிசு உண்டு.

நமக்கு அரைத்தாளும் ஒரு பென்சிலும் போதும். எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது, எங்கே புரியவில்லை, எங்கே சலித்தது என்று தோன்றியபடி எழுதுங்கள். பெயர் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். மதிப்பெண் என்றவுடன் ஆசிரியருக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். தாள்களைக் கலைத்து, ஒவ்வொன்றாக உரக்கப் படித்தபிறகு விவாதம் தொடங்கட்டும். ஆசிரியர் கடைசியாகப் பேசட்டும். ஒரு தாளில் “தூக்கம் வந்தது” என்று மட்டும் இருந்தால் யாரும் சிரிக்க வேண்டாம். எந்தக் காட்சியில் வந்தது, வேறு எத்தனை தாள்களில் அதே காட்சி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.