பகலுக்கு ஓர் எசமான், இரவுக்கு ஓர் எசமான்!

இந்நாட்டில் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் படித்த உழைப்பாளிக்கு ஒரு நாளைக்குள் இரண்டு வேலைநாட்கள் உண்டு. முதலாவது காலை எட்டரை மணிக்குக் கந்தோரில் தொடங்கி மாலை நாலேகால் மணிக்கு முடிகிறது. இரண்டாவது இரவு ஏழரை மணிக்கு, நியூ யோர்க் நகரத்துக் காரியாலயங்கள் மாரிகாலத்தில் கதவு திறக்கும் வேளையில், வீட்டு மேசையில் கணினியின் முன் தொடங்குகிறது. அது எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. கொடுப்பவன் அவுஸ்திரேலியனாயின் மணிக்கூடு மறுபுறம் திரும்புகிறது. சிட்னியின் காலை ஒன்பது மணி எமக்கு விடியற்காலை மூன்றரை அல்லது நாலரை.

கணக்குப் பதிவு, மொழிபெயர்ப்பு, படவடிவமைப்பு, இணையப் பக்கம் அமைத்தல், ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குதல் என இவ்வேலைகள் பலதரப்பட்டன. ‘பிரீலான்ஸ்’ என்பது அவற்றுக்கு இடப்பட்ட பொதுப்பெயர். மேடைகளில் இதைப் புகழாதார் இல்லை. டொலர் வீட்டுவாசலுக்கே வருகிறதாம், இளைஞர் தமக்குத் தாமே எசமானர் ஆகிவிட்டனராம், நாடு முன்னேறுகிறதாம்! இப்புகழுரையைத்தான் நாம் இன்று மறுத்துரைக்க விரும்புகிறோம். இரவில் உழைப்பவரை அல்ல. அவரது திறமையையும் விடாமுயற்சியையும் நாம் போற்றுகிறோம். அவர் ஏன் இரவில் உழைக்க நேர்ந்தது என்ற கேள்வியை மறைப்பதற்காக அவரைப் புகழ்கிறார்களே, அந்தப் புகழ்ச்சியையே வெறுக்கிறோம்.

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்று யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன காலம் ஒன்று இருந்தது. கோறணமேந்துக் கோழியை மேய்த்தால் ஒரு குடும்பம் உண்டு, உடுத்து, பிள்ளையைப் படிப்பித்து, முதுமையில் ஓய்வூதியமும் பெறலாம் என்பதே அதன் பொருள். இன்று பகலில் கோறணமேந்துக் கோழியை மேய்ப்பவர் இரவில் அமெரிக்கனின் கோழியையும் மேய்த்தால்தான் அடுப்பு எரிகிறது. இதற்குப் பேராசை காரணமன்று. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபாயாயிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டியது. விலைகள் பின்னர் ஏறுவதை நிறுத்தின. ஏறிய இடத்திலிருந்து இறங்கவில்லை. அரசாங்க ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகப் படிப்படியாக உயர்த்த 2025 வரவு செலவுத் திட்டம் முன்வந்தது. அதை நாம் மறுக்கவில்லை. தனியார் துறையில் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. முப்பதினாயிரம் ரூபாய் என்பது ஏறத்தாழ நூறு டொலர்! ஒரு மாத உழைப்பின் விலை அது. கெட்டிக்கார வடிவமைப்பாளர் ஒருவர் சில இரவுகளில் அத்தொகையை இணையத்தில் ஈட்டிவிடுவார் என்றால், அங்கே வெளிப்படுவது இணையத்தின் பெருமையா, எமது சம்பளத்தின் சிறுமையா?

இங்கே நாம் முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை கூற வேண்டியுள்ளது. ஊழியர் இரவில் வேறிடத்தில் உழைத்துக் குறையை நிரப்பிக்கொள்வதால்தான் பகற் சம்பளம் குறைவாகவே இருந்தும் கந்தோர்கள் காலியாகாமல் இருக்கின்றன. அயலூர் வாடிக்கையாளன் கொடுக்கும் டொலர், உள்ளூர் முதலாளியின் சம்பளப் பட்டியலுக்குக் கிடைக்கும் மானியமாக மாறிவிட்டது. அந்த மானியத்தை ஈந்தவன் டொரொன்டோவில் இருப்பவன் அல்லன். நித்திரையை விற்றவர் நல்லூரிலும் மட்டக்களப்பிலும் அட்டனிலும் இருக்கிறார். பெண்ணாயின் அவர் விற்பது இன்னும் அதிகம். காரியாலயத்துக்கும் கணினிக்கும் இடையில் அடுப்படி என்ற மூன்றாவது வேலை அவருக்குக் காத்திருக்கிறது. இரவு ஒரு மணிவரை கண்விழித்த ஆசிரியை மறுநாட் காலை நாற்பது பிள்ளைகளின் முன் நிற்கிறார். அந்தப் பிள்ளைகள் இழப்பதை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

இனி அந்தச் சந்தையின் இலட்சணத்தைப் பார்ப்போம். ‘பைவர்’ என்ற சந்தையில் நூறு டொலருக்கு ஒரு வேலை செய்தால் இருபது டொலரைச் சந்தைக்காரன் எடுத்துக்கொள்கிறான். எஞ்சிய எண்பதும் உடனே கைக்கு வராது. வேலை ஏற்கப்பட்ட பின்னரும் பெரும்பாலானோர் பதினான்கு நாட்கள் காத்திருக்க வேண்டும். ‘அப்வேர்க்’ என்ற மற்றொரு சந்தையில் வேலைக்கு விண்ணப்பிப்பதற்கே காசு. ஒன்று 15 அமெரிக்கச் சதம் வீதம் வில்லைகளை வாங்கி, ஒரு வேலைக்குப் பல வில்லைகளைச் செலுத்தி, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவற்றை இழக்க வேண்டும். அதன்பின் பணம் வங்கிக்கு வரும் வழியில் மாற்றுக்கட்டணங்கள் வேறு.

இலங்கைச் சட்டமும் ஓர் இருபதை அறியும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியர் 8, தொழில்வழங்குநர் 12 ஆக நூற்றுக்கு இருபது ஊழியரின் முதுமைக்காக ஒதுக்கப்படுகிறது. பகலில் அந்த இருபது உழைப்பாளியின் பெயரில் சேர்கிறது. இரவில் இந்த இருபது உழைப்பாளியிடமிருந்து பிடுங்கப்படுகிறது.

மலையகத்துப் பெரியவர்களுக்கு இதில் ஒரு பழைய மணம் வீசக்கூடும். தோட்டத் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று, ஆளுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு பெற்ற பெரிய கங்காணியை அவர்கள் அறிவர். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதற்கு வேண்டியிருந்த, கடன் எழுதப்பட்ட ‘துண்டு’ என்னும் சீட்டையும் அறிவர். துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. இன்றைய சந்தைக்காரன் கடன் எழுதுவதில்லை, நட்சத்திரம் இடுகிறான். மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நற்பெயர் அந்தச் சந்தைக்குள் மட்டுமே செல்லும். வேறு சந்தைக்குப் போனால் முதல்நாட் தொழிலாளியாகவே நிற்க வேண்டும். கணக்கு ஒருநாள் முடக்கப்பட்டால் நியாயம் கேட்க மேசையுமில்லை, மனிதனுமில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களை எண்ணிப் பாருங்கள். தவணை தவறியதற்கு மின்வெட்டே காரணம் என்பதை நட்சத்திரம் இடும் இயந்திரத்துக்கு யார் எடுத்துரைப்பது? தோட்டக் கங்காணியையாவது கண்ணால் காணலாம், பெயர் சொல்லி ஏசலாம்!

சந்தைக்காரன் இலாபத்துக்காக வந்தவன். அவனிடம் தருமத்தை எதிர்பார்ப்பது எமது வழக்கமன்று. நாம் கேட்க வேண்டியது எமது அரசாங்கத்தை. இரவு உழைப்பாளியை அது எந்தக் கண்ணால் காண்கிறது?

வரி கேட்கும் கண் நன்றாகத் தெரிகிறது. வங்கி வழியாக அந்நியச் செலாவணியாக வந்த சேவை வருமானம் 2025 மார்ச் 31 வரை வருமான வரிக்கு உட்படவில்லை. 2025 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரித் (திருத்தச்) சட்டத்தின் கீழ் அது 2025 ஏப்ரல் 1 முதல் உச்சம் நூற்றுக்கு 15 வரை வரிக்குள்ளாயிற்று. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விடுபாடு உண்டு. அதை மறைப்பது எமக்கு அழகன்று. சிறு வருமானக்காரர் பலர் வரிக்குள் வரமாட்டார்கள். ஆனால் சம்பளமும் இரவு வருமானமும் ஒன்றாகவே கூட்டப்படும், விடுபாடு ஒருமுறைதான். வரியே கூடாதென்று நாம் வாதாடவில்லை. நாட்டின் பாடசாலையும் வைத்தியசாலையும் வரியில்தான் நடக்கின்றன. வரி வாங்கும்போது ‘நீ தொழில் செய்கிறாய்’ என்று கூறும் அரசாங்கம், வேறு வேளைகளில் என்ன கூறுகிறது என்பதே எமது கேள்வி.

அரசாங்க ஊழியரைப் பார்த்து அது கூறுவது: ‘நீ குற்றம் செய்கிறாய்.’ தாபன விதிக்கோவையின்படி உத்தியோகத்தரின் முழு நேரமும் அரசாங்கத்துக்கு உரியது. அனுமதியின்றி ஊதியத்துக்கு வேறு தொழில் பார்த்தால் ஒழுக்காற்று நடவடிக்கை. நல்லது, விதி விதியாகவே இருக்கட்டும். ஆனால் 2022 ஜூனில், உணவும் எரிபொருளும் இல்லாத வேளையில், வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வராமல் வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று மூன்று மாதங்களுக்கு இதே ஊழியருக்கு விடுமுறை அளித்தது எந்த அரசாங்கம்? அதே மாதத்தில், 14/2022 ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம், ஐந்து ஆண்டுகள்வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு சென்று உழையுங்கள், உங்கள் சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கமில்லை என்றது யார்? கடல் கடந்து போய் டொலர் அனுப்பினால் தேசபக்தன். கடமையை ஒழுங்காக முடித்துவிட்டு, மனைவி மக்களோடு இருந்துகொண்டே டொலர் ஈட்டினால் குற்றவாளி! அரசாங்க வைத்தியர் கடமை நேரத்துக்குப் பின் தனியார் மனையில் நோயாளரைப் பார்க்கலாம். எழுதுவினைஞர் கடமை நேரத்துக்குப் பின் ஒரு கணக்கேட்டைப் பார்க்கலாகாது. வைத்தியருக்கு உள்ள உரிமையைப் பறிக்குமாறு நாம் கேட்கவில்லை. அதே நியாயம் கீழ்ப்படியில் நிற்பவருக்கு ஏன் இல்லை என்று கேட்கிறோம்.

தனியார் கம்பனிகளின் நியமனக் கடிதங்கள் இதிலும் ஒரு படி மேல். ‘எந்நேரத்திலும் எவ்வகையான வேறு தொழிலும் செய்யலாகாது’ என்ற வாசகம் பொறிக்கப்பட்ட கடிதங்கள் பல எமது மேசைக்கு வந்துள்ளன. கம்பனியின் இரகசியத்தை விற்றாலோ, அதன் போட்டியாளனுக்கு உழைத்தாலோ, அதன் கணினியில் அதன் நேரத்தில் சொந்த வேலை பார்த்தாலோ தண்டிக்கட்டும். அதற்கு நாம் வாதாட வரமாட்டோம். மற்ற நேரத்தின் மேல் அவர்களுக்கு என்ன உரித்து? 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வரையறுத்திருக்கிறது. 45 மணிக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு 168 மணிக்கும் சாசனம் எழுதிக்கொள்வது எவ்வகை நீதி?

பாதுகாப்புக் கேட்டுச் சென்றாலோ, அரசாங்கத்தின் கண் அறவே மூடிவிடுகிறது. இரவு உழைப்புக்குச் சேமலாப நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, நட்டஈடு இல்லை, மணிக்கணக்கும் இல்லை. சுயதொழிலாளருக்கென 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ச் சமூகப் பாதுகாப்புச் சபை இருக்கிறதே என்பர். இருக்கிறது. அதில் உழைப்பாளி தன் பையிலிருந்து கட்ட வேண்டும். நூற்றுக்கு இருபது எடுத்த சந்தைக்காரனிடம் அச்சட்டம் ஒரு சதமும் கேட்பதில்லை.

எசமான் கடலுக்கு அப்பால் இருக்கிறான், எமது சட்டத்தின் கை அவ்வளவு நீளாது என்று திணைக்களங்கள் கைவிரிக்கும். 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தை அவர்கள் ஒருமுறை எடுத்து வாசிக்கட்டும். ‘தொழிலாளி’ என்பதற்கு அது கூறும் வரைவிலக்கணத்தில், ஒரு வேலையைத் தானே நேரிற் செய்து முடிப்பதற்கான ஒப்பந்தமும் அடங்கும். எழுபது ஆண்டுகளுக்கு முன் சட்டம் வரைந்தவர்களுக்கு இருந்த விசாலம் இன்றுள்ளவர்களுக்கு இல்லாமற் போனதேன்? 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் சாரதிகளைத் தொழிலாளர் என்றே தீர்த்தது. 2025 ஜூனில் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, தளங்களின் வழி உழைப்போருக்கென ஒரு சமவாயம் காண்பதற்கான முதற் கலந்துரையாடலை நடத்தியது. சாரதியின் நிலை வேறு, கணினி உழைப்பாளியின் நிலை வேறு என்பது உண்மை. கண்டங்களைக் கடந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது கடினம் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பணம் இந்நாட்டு வங்கியின் வழியாகவே வருகிறது. இறைவரித் திணைக்களத்தின் கை அங்கே எட்டுகிறதே! எட்டிய கை, வசூலித்த வரியில் ஒரு பங்கை உழைப்பாளியின் சேமலாபக் கணக்கில் வைக்க ஏன் கூசுகிறது?

ஆகவே நாம் கோருவது இது: அரசாங்க ஊழியர் கடமை நேரத்துக்கு வெளியே, கடமையோடு முரண்படாத தொழில் செய்வதற்கு, மேலதிகாரியின் தயவில் தங்கியிராத, எழுத்துமூல அறிவித்தலே போதுமான விதி வேண்டும். நியமனக் கடிதத்தின் அந்தச் சர்வாதிகார வாசகத்தைச் சட்டம் செல்லாததாக்க வேண்டும். இரவு வருமானத்தின் வரியிலிருந்து சேமலாப நிதிக்கு அரசாங்கம் பங்களிக்க வேண்டும். இவை கிடைக்கும்வரை பகற் சம்பளக் கோரிக்கையை எந்தச் சங்கமும் தளர்த்தலாகாது. ‘அவர்களுக்குத்தான் டொலர் வருகிறதே’ என்ற பேச்சு ஏற்கெனவே சில சம்பளப் பேச்சுவார்த்தைகளில் எமது காதில் விழுந்திருக்கிறது.

எழுதுவினைஞர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இவ்விடயத்தில் இதுவரை வாய்திறவாதிருப்பதன் காரணத்தை நாம் அறிவோம். உறுப்பினர் தம் இரவு வேலையை மேலதிகாரிக்கு அஞ்சி ஒளிக்கின்றனர். ஒளித்த ஒன்றைச் சங்கம் எப்படிப் பேசும்? முதலில் பேச வேண்டியவர்கள் விதிக்கோவைக்கு உட்படாத தனியார் துறையினரும் முழுநேர இணைய உழைப்பாளருமே. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935 இலிருந்து எமது கையில் இருக்கிறது. பதிவுக்கான விண்ணப்பத்துக்கு அது கேட்பது ஏழு உறுப்பினரின் கையொப்பம்.