மண் சொன்ன சாட்சி, மறுக்கும் டில்லி

மருதமலைக்குப் பஸ்ஸில் போகும் தோழர்கள் வழியிலே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த வளாகத்துக்குள்ளே 1909-இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயல் ஒன்று இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளையன் காலத்து விவசாயக் கல்லூரி தொடங்கியது அது. ஒரு பாத்திக்கு உரமே கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்றும். இன்னொன்றுக்கு மாட்டுக் குப்பை மட்டும். ஆண்டுதோறும் அதே பாத்திக்கு அதே எரு! இறவைக்கு 1925-இல் மற்றொரு வயல். 1972-இல் கேழ்வரகும் மக்காச்சோளமும் மாற்றிப் பயிரிடும் மூன்றாவது சோதனை.

அந்த மண் என்ன சாட்சி சொல்கிறது? தழைச்சத்தை மட்டும் கொட்டினால் பயிர் பச்சைப் பசேலென்று எழும்பும். எழும்பும் வேகத்தில் மண்ணிலுள்ள மணிச்சத்தையும் உறிஞ்சிவிடும். எடுத்ததைத் திருப்பி வைப்பார் யார்? சில ஆண்டுகளில் விளைச்சல் சரியும். மூன்று சத்தும் போட்டு, அதோடு தொழு உரமும் சேர்த்த பாத்தியிலோ விளைச்சலும் முதலிடம், மண்ணின் கரிமச்சத்தும் உயர்வு. குப்பை அடித்துப் பண்ணையம் பார்த்த நம் பாட்டன் இதைக் கேட்டால் சிரிப்பான், அது வேறு கதை!

டில்லி செய்தது என்ன? 2010-இல் சத்துவழி மானியம் என்று புதுத் திட்டம் கொண்டுவந்தது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. யூரியாவை மட்டும் பழைய கட்டுப்பாட்டிலேயே வைத்தது. விளைவு? 2024-இல் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். கடன் வாங்கிக்கொண்டு உரக்கடைக்குப் போகிறவன் எதைத் தூக்கி வருவான்? 2015-இல் மண்வள அட்டை என்று ஒரு சீட்டும் கொடுத்தார்கள். சீட்டு ஒன்று சொல்கிறது, விலைப்பலகை வேறொன்று சொல்கிறது. வெல்வது விலைப்பலகைதான்!

யூரியா விலையை ஏற்று என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் பொருளாதாரப் புலிகள் உண்டு. அவர்கள் ஏர் பிடித்தவர்கள் அல்லர். மற்ற இரு சத்துகளின் விலையை உழவன் கைக்கு எட்டும்படி இறக்கு என்கிறோம். டிராக்டர் வந்ததும் மாடு குறைந்தது, மாடு குறைந்ததும் குப்பை குறைந்தது. ஆகவே எருவுக்கும் மானியம் கொடு என்கிறோம். மண் மெலிந்தால் மகசூல் மட்டுமா குறையும்? களையெடுக்கும் பெண்ணின் கூலியும் அறுப்புக்காரன் வேலைநாளும் சேர்ந்தே குறையும். இந்தக் கணக்கை டில்லியில் கேட்க வேண்டியவர்கள் நம் கொங்குச் சீமையின் எம்.பி.க்கள்.