பூமிக்கடியில் மூன்றாம் பிறை

டி.வி. ரிப்பேர் என்றால் பக்கத்து வீட்டில் போய் சீரியல் பார்க்கலாம். ஃபிரிட்ஜ் படுத்துக்கொண்டால் தயிரை மாடி வீட்டில் கொடுத்து வைக்கலாம். டிரெயினேஜ் அடைத்துக்கொண்டால்..? விடுங்கள், சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற வாசகர்களும் இருப்பீர்கள்.

எங்கள் பாத்ரூம் தண்ணீர் வெளியேற மறுத்தபோது, முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்: "மொத்தமா தோண்டிப் போட்டுரலாம் சார்."

அடுத்து வந்த பெரியவர் கடப்பாரையைத் தொடவே இல்லை. மூங்கில் பிளாச்சை விட்டு ஆட்டி இழுத்தார். நுனியில் சவுரி முடி மாதிரி கொத்தாக வேப்பமர வேர். தண்ணீர் 'மடமட'வென்று வடிந்தது.

"இப்ப அம்மா கிட்ட முகம் பாக்கற கண்ணாடி ஒண்ணு வாங்கியாங்க."

ஒரு சேம்பரில் டார்ச் லைட். அடுத்ததில் சாய்த்துப் பிடித்த கண்ணாடி. குழாய் நேராக, முழுசாக இருந்தால் கண்ணாடியில் பௌர்ணமி தெரிய வேண்டுமாம். சமையலறைப் பக்கம் பௌர்ணமி. வேப்பமரத்தடியில் மூன்றாம் பிறை! ஆக, கெட்டது அந்தப் பத்தடிதான். பழைய பீங்கான் குழாய்; இரண்டடிக்கு ஒரு ஜாயின்ட். சணல் திணித்து சிமென்ட் பூசியது. மயிரிழை விரிசல் போதும், வேர் மோப்பம் பிடித்து வந்துவிடும். மரத்தைக் கோபிக்க முடியுமா? வீட்டிலேயே சத்தான இடம் அதுதானே!

மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். "எதுக்கு சார் இத்தனை செலவு? தெருக்கோடியில ஒரு பையன் இருக்கான். ஐந்நூறு ரூபாயும் ஒரு குவார்ட்டரும் குடுத்தா தொட்டிக்குள்ள எறங்கி க்ளீன் பண்ணிடுவான்."

பெரியவர் பிளாச்சைக் கீழே வைத்தார். "என் தம்பியும் அப்டித்தான் சார் எறங்குனான்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. 'சரியாயிடுச்சு' என்று நினைத்து இறங்குகிறவர் அங்கேயே சாய்வார். 2013-ஆம் வருஷச் சட்டப்படி, இப்படி ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன சுப்ரீம் கோர்ட், 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. இதையெல்லாம் மாடிக்காரரிடம் சொன்னேன். "எனக்கு எதுக்கு சார் வம்பு" என்று மேலே போய்விட்டார்.

புதுசாக நாலு இஞ்ச் பி.வி.சி., பத்தடிக்கு ஒரே குழாய், நடுவில் ஜாயின்ட்டே கிடையாது. அடியில் மணல் மெத்தை. வாட்டம் பத்தடிக்கு மூணு இஞ்ச். குறைந்தால் சரக்கு தேங்கும். ரொம்பச் சரித்தாலும் தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மற்றது தங்கிவிடுமாம்!

மூடுமுன் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றினார். அடுத்த சேம்பரில் மஞ்சளாக வந்து சேர்ந்தது.

கண்ணாடியை டெட்டால் போட்டுக் கழுவி உள்ளே கொடுத்தேன். "அதை அவர் கிட்டயே குடுத்துடுங்கோ" என்றாள் என் மனைவி.