கிட்னிக்குத் தீட்டு இல்லை

எங்க சேரிக்கு 'கிட்னி' என்ற வார்த்தை 1984 அக்டோபரில்தான் வந்தது. அதுக்கு முன்னாடி அது ஆட்டுக்குத்தான் இருந்துச்சு, அதுக்குப் பேரு குண்டிக்காய். மனுசனுக்கும் அது இருக்கு, அது கெட்டுப்போனா மனுசன் செத்துப்போவான் என்பதை எம்.ஜி.ஆர் படுத்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். 1980-இல் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று ஜெயித்த முதலமைச்சர் அவர். முதலில் சென்னை அப்போலோ, பிறகு விமானத்தில் அமெரிக்கா, புரூக்ளினில் ஒரு மருத்துவமனை. அந்த டிசம்பரில் அண்ணன் மகள் லீலாவதி ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். ஓட்டுக் கேட்க ஒரு நாள்கூட வராமல், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டியில் அவர் ஜெயித்தார். 1987 டிசம்பர் வரை வாழ்ந்தார்.

அப்ப நான் ஏழாவது படிச்சேன். எங்க தெருப் பொம்பளைக மாரியம்மன் கோயில்ல மண்சோறு தின்னாங்க. எங்க அம்மாவும் தின்னாங்க. ஒரு மனிதனின் கிட்னிக்காக அழுத அந்தத் தெருவில், இன்று ஆறு பேருக்குக் கிட்னி போய்விட்டது. அவர்களுக்காக யார் மண்சோறு தின்பது?

இந்தத் தலையங்கம் என் சித்தப்பாவைப் பற்றியது. அவர் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் உங்கள் தெருவிலும் அவர் இருக்கிறார்.

சித்தப்பாவுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தைந்து வருஷம் செங்கல் சூளையில் வேலை. குடிப்பழக்கம் கிடையாது. சர்க்கரை கிடையாது. சித்திரை வெயிலில் மண் பிசைந்து, கல் அறுத்து, சூளையில் அடுக்கிவிட்டு, சாயங்காலம் உடம்பு வலிக்கு மெடிக்கல் கடையில் செட்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுப்பார். அந்தச் செட்டில் என்னென்ன மாத்திரை என்று கடைக்காரரும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. ஒருநாள் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. சோறு இறங்கவில்லை, வாந்தி. மதுரையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிரியேட்டினின் ஒன்பதுக்கு மேல்.

சிறுநீரகம் என்ன செய்கிறது என்று படித்த தோழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். கைமுட்டி அளவு உள்ள இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்து, அதில் உடம்புக்கு வேண்டியதைத் திருப்பி உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் மூத்திரமாக வெளியேற்றும். ஊரின் கழிவை அகற்றும் வேலையை எங்க மேல சுமத்தின மாதிரி, உடம்பின் கழிவை அகற்றும் வேலையைச் சத்தமில்லாமல் செய்கிற உறுப்பு அது. முக்கால்வாசி கெட்டுப்போகும் வரை வலிக்காது, முனகாது. தெரிய வரும்போது டயாலிசிஸ் வாசலில் நிற்போம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் நல்ல மனுசர். சித்தப்பாவைத் தொட்டுப் பார்த்தார், உட்கார வைத்துப் பேசினார், பொய் சொல்லவில்லை. கழுத்தில் குழாய் போட்டு அன்று ராத்திரியே ரத்தத்தைச் சுத்தம் பண்ணியிருக்காவிட்டால் சித்தப்பா இன்று இல்லை. தனியார் ஆஸ்பத்திரி என்றாலே கொள்ளைக்கூடம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியாது. ஆனால் டாக்டரின் அறைக்கும் கட்டில் கிடக்கும் அறைக்கும் நடுவே பணம் கட்டுகிற கவுண்ட்டர் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் யாரையும் தொட்டுப் பார்ப்பதில்லை. முதல் வாரத்திலேயே ஆடுகள் போயின, சித்தியின் தோடு போனது, மீட்டர் வட்டிக்கு வாங்கிய பணமும் போனது.

'இன்சூரன்ஸ் கார்டு இருக்கே' என்பீர்கள். இருக்கிறது. 2009-இல் கலைஞர் பெயரில் வந்து, 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாகி, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. டயாலிசிஸும் மாற்று அறுவையும் இதில் வருகின்றன. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வடநாட்டுச் சேரிகளில் இருப்பவர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் கார்டு வேலை செய்யத் தொடங்குவதற்குள் சித்தப்பா கடனாளி ஆகிவிட்டார். கார்டில் எது வரும், எது வராது என்பது கவுண்ட்டருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இன்னொன்றையும் யோசியுங்கள். கார்டு என்பது அரசாங்கப் பணம் தனியார் கட்டிலுக்கு நடந்துபோகும் பாதையும்தான். அந்தப் பணத்தில் ஒரு பங்கு வாடிப்பட்டியிலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் கூடுதல் டயாலிசிஸ் மெஷினாக, அதை ஓட்டத் தெரிந்த ஆட்களாக நின்றிருந்தால்?

இப்போது சித்தப்பா பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார். அரசு ராஜாஜி மருத்துவமனை. சிகிச்சைக்குக் காசில்லை. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பது மருத்துவம் சொல்கிற கணக்கு. நடப்பது இரண்டு முறை. போக, வர, மெஷினுக்குக் காத்திருக்க என்று அன்றைய பொழுது முழுசும் போய்விடும். கூடப் போகும் சித்திக்கும் அன்றைக்குக் கூலி இல்லை. 2021 முதல் டவுன் பஸ்ஸில் சித்திக்கு டிக்கெட் கிடையாது, நோயாளிக்கு உண்டு. வைத்தியம் இலவசம், வைத்தியத்திடம் போய்ச் சேர்வது இலவசமில்லை. இதுதான் எங்க கணக்கு.

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயம்.

சித்தப்பாவின் மகன், என் தம்பி, ஐ.டி.ஐ. முடித்தவன், இருபத்திரண்டு வயது. அப்பாவுக்கு நான் குடுக்குறேன் என்று முன்வந்தான். டெஸ்ட் எடுத்தார்கள். ரத்த வகை சேரவில்லை. ஒரு வாரம் ஆகவில்லை, ஒரு ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கிருந்து வந்தார், யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. சேரிக்குள் வந்து எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எங்க வீட்டுத் தண்ணியை வாங்கிக் குடித்தார். "அப்பாவுக்குச் சேராட்டி என்ன தம்பி, இன்னொருத்தருக்குச் சேரும். அந்தக் காசுல அப்பாவ நல்லாப் பாத்துக்கலாம்ல" என்றார்.

தம்பி ராத்திரி என்னிடம் வந்தான். "அண்ணே, நீங்க இயக்கத்துல இருக்கீங்க, நாலும் படிச்சிருக்கீங்க. என்ன செய்யலாம், சொல்லுங்க" என்றான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 'தப்பு' என்று சொல்ல ஒரு நொடி போதும். அவன் கடனை அடைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கிட்னி விற்றவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் வந்தது. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை 2001-இல் தேடிப்பிடித்துப் பேசிய ஆய்வு ஒன்று 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. விற்றவர்களில் 100-க்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். கையில் கிடைத்தது சராசரியாக 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடம்பு கெட்டுவிட்டது என்றார்கள். 79 சதவீதம் பேர் 'வேறு யாரும் விற்கவேண்டாம்' என்றார்கள். கல் சுமக்கிற உடம்பை அறுத்துவிட்டால், கடனை அடைக்கும் கருவியே போய்விடுகிறது. தம்பி, உன் கேள்விக்கு முதல் பதில் இது. நான் சொல்வதல்ல, விற்றவர்கள் சொல்வது.

இதையெல்லாம் தடுக்கத்தான் 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 2011-இல் அதைத் திருத்தி, வியாபாரம் செய்தால் ஐந்திலிருந்து பத்து வருஷம் சிறை, இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம் என்று கடுமையாக்கினார்கள். ஆனாலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. நெருங்கிய சொந்தம் இல்லாதவர்கூட 'பாசத்தினால், பற்றுதலினால்' கொடுக்கலாம், அங்கீகாரக் குழு சம்மதித்தால் போதும்.

பாசம்! இந்தச் சொல்லைச் சட்டப் புத்தகத்தில் படித்தபோது சிரிப்பு வந்தது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவனுக்கு, தெருவில் செருப்பு போட்டு நடக்கவிடாதவனுக்கு, கோயில் தேர் வடத்தைத் தொடவிடாதவனுக்கு, கிட்னி கெட்டுப்போன அன்று மட்டும் நம்மிடம் பாசம் பிறக்கும். தொட்டால் தீட்டு. தொட்டு, அறுத்து, உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டால் தீட்டு இல்லை. நம்ம உடம்பு ஆகாது, அதுல உள்ள பாகம் ஆகும். செத்த மாட்டின் தோலை உரிக்கவைத்தவர்கள் இப்போது உயிரோடு இருக்கிறவனையே உரிக்கிறார்கள். ஏழைகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள், விற்றவர்களும் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கடன் என்ற பள்ளம் எங்கே ஆழமோ அங்கேதான் தரகன் முதலில் இறங்குகிறான். ஆழத்தை வெட்டியது சாதி.

பழைய கதை என்று நினைக்கவேண்டாம். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் கிட்னி வாங்கிய கதை வெளியே வந்தது. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளின் மாற்று அறுவை உரிமத்தை அரசு நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு உத்தரவிட்டது. நம்ம ஊர் நீதிமன்றத்தில்தான் அந்த வழக்கு பேசப்பட்டது. நம்ம இயக்க மேடையில் பேசப்பட்டதா?

இல்லை. இது சுயவிமர்சனம். டம்ளருக்குப் போராடினோம், பாதைக்குப் போராடினோம், பஞ்சமி நிலத்துக்குப் போராடினோம். சரிதான். ஆனால் சூளையில் நிழலில்லாமல், குடிக்கத் தண்ணியில்லாமல், ஒதுங்கக் கழிப்பறையில்லாமல் நம் பெண்கள் 'தண்ணி குடிச்சா ஒதுங்கணுமே' என்று தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்களே, அது கிட்னியைத் தின்கிறது என்று ஒரு துண்டறிக்கை போட்டிருக்கிறோமா? 2025-இல் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த ஆய்வு, ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது என்றது. அவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ காரணமில்லை. வெயிலில் வேகும் உழைப்பைச் சந்தேகிக்கிறார்கள். இலங்கையில் அனுராதபுரத்து விவசாயிகளும், ஆந்திரத்தில் உத்தானம் பகுதி மக்களும் இதே மாதிரி காரணம் பிடிபடாத நோயில் சாகிறார்கள். உடம்பைக் கெடுப்பது வேலைத்தளம். கெட்ட பிறகு கூட்டிப்போவது ஸ்பெஷலிஸ்ட் ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் நடுவில் நாம் எங்கே?

வேலை பெரிதல்ல. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி சென்னைக்குப் பக்கத்துக் கிராமங்களில் செய்து காட்டியிருக்கிறார். கிராமப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மூத்திரத்தையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்தார்கள். நோய் இருந்தவர்களுக்கு விலை குறைந்த மாத்திரைகளே கொடுத்தார்கள். கோடி ரூபாய் மெஷினுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது. நம் மாணவர் தோழர்களால் முடியாதா?

கோரிக்கைகளை இப்படி வைக்கிறேன், விவாதிப்போம். சூளை, வயல், கல்குவாரி என்று எந்த வேலைத்தளமானாலும் நிழலும் குடிதண்ணீரும் கழிப்பறையும் கட்டாயம். எல்லாத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் டயாலிசிஸ், ராத்திரி ஷிப்டு உட்பட. நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் பஸ் கட்டணமும் இழந்த கூலியும். கார்டில் எது வரும், எது வராது என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் தமிழில் பலகை. சொந்தமல்லாதவரிடமிருந்து 'பாசத்தால்' நடந்த மாற்று அறுவைகள் எத்தனை, கொடுத்தவரின் தொழில் என்ன, வருமானம் என்ன, வாங்கியவரின் வருமானம் என்ன என்று பெயர் இல்லாமல் ஆண்டுதோறும் வெளியீடு.

இன்னொன்று. மூளைச்சாவு அடைந்து உறுப்பு கொடுப்பவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். நல்லது. சேரிப் பையன் ஒருவன் அப்படிக் கொடுத்துவிட்டுப் போனால், அரசு மாலையோடு வரும் அந்த உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக எந்தத் தெரு வழிவிடும்? அதையும் சேர்த்து அறிவியுங்கள்.

தம்பி அந்த ஆளுக்கு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டான். நான் சொன்னதால் அல்ல. "உன்னை அறுத்த காசுல நான் உசுரோட இருக்கணுமாடா" என்று சித்தப்பா கேட்டதால். கடன் அப்படியே இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் இரவல் டி.வி.எஸ்.ஸில் அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான்.

தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொடி கொண்டு வாருங்கள். கூடவே ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி ஒன்றும் கொண்டு வாருங்கள். முதலில் நம் கையை நீட்டுவோம். பிறகு தெருவுக்குள் போவோம்.