ரயில் விட்டுப்போன வழியில் சைக்கிள்

எங்கள் கொடுங்கையூரில் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் ஒன்று, ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியபடி ஒன்று, பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு ஒன்று என்று எங்கு பார்த்தாலும் நிற்கின்றன. பல சைக்கிள்கள் பிள்ளைகள் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்தவை. இரண்டு வருடம் பள்ளிக்கு ஓடின. அதன்பிறகு நிற்கின்றன.

ஏன் என்று எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் கேட்டேன். மகள் இப்போது கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வருகிறாள். "அவ ஓட்டறதுல எனக்கு பயமே இல்லம்மா. பின்னாடி வர்ற லாரிய நெனச்சாத்தான் வயித்தக் கலக்குது" என்றார்.

வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் மணலி தொழிற்சாலைகள், நடுவில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. கன்டெய்னர் லாரி, டேங்கர் லாரி, குப்பை லாரி எல்லாம் எங்கள் சாலைகளில்தான் போக வேண்டும். அதனால் அம்மாக்கள் ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள்: "தெருமுனையைத் தாண்டாதே." பையன்கள் எப்படியோ தாண்டிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள்தான் அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள்.

லாரியே வராத ஒரு பாதை இருந்தால்? அப்படிப்பட்ட பாதைகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. அவற்றில் பல, ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடங்கள்.

ரயில் தடத்தில் என்ன விசேஷம்?

ரயிலுக்கு மேடு ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால், பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மலை வந்தால் குடைந்து, சரிவே தெரியாமல் கொண்டுபோயிருப்பார்கள். சமவெளியில் 100 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏறினாலே அது அதிகம். வளைவுகளும் மெதுவாகத்தான் திரும்பும். அந்தத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு மண்ணை இறுக்கிவிட்டால், எட்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பாட்டியும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். பஸ் வராது, கார் வராது. குறுக்கே சாலை வரும் இடத்தில் மட்டும் நின்று பார்த்துப் போனால் போதும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்று இரண்டு சிற்றூர்கள். இடையில் ஓடிய ரயிலை 1960களில் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தடத்தை மாநில அரசு வாங்கி, 1967ல் சைக்கிள் பாதையாகத் திறந்தது. நீளம் சுமார் 51 கி.மீ. வழியில் மூன்று சுரங்கங்கள். பெரியது ஒரு கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே கும்மிருட்டு என்பதால், எல்லோரும் இறங்கி டார்ச் அடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ரயில் நின்றுபோன ஊர்களுக்கு இப்போது சைக்கிளில் விருந்தாளிகள் வருகிறார்கள்.

நம்மவர்கள் உழைத்த தடம்

அமெரிக்கா தூரம் என்றால், சிங்கப்பூருக்கு வாருங்கள். மலேசிய ரயில் நகரின் தென்கோடியில் உள்ள தஞ்சோங் பகார் நிலையம் வரை ஓடிக்கொண்டிருந்தது. 2011 ஜூன் 30 இரவு கடைசி வண்டி கிளம்பியது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். மறுநாள் அந்த நிலம் சிங்கப்பூர் கையில் வந்தது.

ஓர் அங்குல நிலத்துக்கும் விலை உள்ள ஊர் அது. 24 கி.மீ. நீள நிலத்தைத் துண்டு போட்டு அடுக்குமாடி கட்டியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால், தடம் அறுபடாமல் இருக்க வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள், அரசும் ஏற்றுக்கொண்டது. இன்று அது 'ரெயில் காரிடார்' என்ற பசுமைப் பாதை. பழைய இரும்புப் பாலங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். புக்கித் தீமா ரயில் நிலையத்தையும் பழுது பார்த்துப் பாதுகாக்கிறார்கள்.

இதில் நமக்கு ஒரு சொந்தமும் உண்டு. அந்த ரயில்வேயில் வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். குவீன்ஸ்வே பகுதியில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்த அவர்கள் 1930களில் வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரன்தான், இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலில் இருக்கிறார்.

நம்ம ஊரில் கிடையாதா?

நம் நாட்டில் ரயில் பாதைகள் சாவது குறைவு. மீட்டர் கேஜ் போனால், பெரும்பாலும் அதே தடத்தில் பிராட் கேஜ் வந்துவிடுகிறது. அது நல்லதுதான். ஆனால் ஓர் இடத்தில் ரயில் போனது போனதுதான், திரும்பவே இல்லை. அதுதான் தனுஷ்கோடி.

எழும்பூரில் போட்மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போன காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. ஊரும் போயிற்று. நிலையத்தின் இடிந்த சுவர்களும் தேவாலயத்தின் மிச்சமும் இன்றும் மணலில் நிற்கின்றன.

அங்கே 2017ல் புதுச் சாலை திறந்தார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் நூல் பிடித்ததுபோல் சாலை. இது சைக்கிளுக்கென்று விட்ட பாதை இல்லை. வேனும் காரும் வரும். ஆனால் வாரநாளில் விடிந்ததும் கிளம்பினால், சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் போய்த் திரும்பலாம். மேடு என்பதே கிடையாது.

குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்:

* ராமேஸ்வரம் ஊரிலிருந்து அரிச்சல்முனைக்குச் சுமார் 20 கி.மீ. போய்வரப் பெரியவர்களுக்கே இடுப்பு வலிக்கும். பிள்ளைகள் இருந்தால் முகுந்தராயர் சத்திரம் வரை சைக்கிளை ஆட்டோவிலோ வேனிலோ ஏற்றிப்போய், அங்கிருந்து மிதியுங்கள். போய்வர 19 கி.மீ.தான்.
* அங்கே மேட்டுக்குப் பதில் காற்று. பாம்பன் காற்று ரயிலையே நிறுத்தி வைக்கும். போகும்போது சுலபமாக இருந்தால், திரும்பும்போது எதிர்க்காற்று என்று புரிந்துகொள்ளுங்கள். பாதித் தெம்பை மிச்சம் வையுங்கள்.
* வழியில் மரநிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை கட்டாயம். புளிசாதம் கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.
* முனையில் கடலில் இறங்க வேண்டாம். நீரோட்டம் பொல்லாதது.
* வீடு திரும்பியதும் சங்கிலியை நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று இரண்டே வாரத்தில் துருவைக் கொண்டுவந்துவிடும்.

படகு இழுத்த கரை

வருடத்துக்கு ஒருமுறை தனுஷ்கோடி போகலாம். தினம் சாயங்காலம் எங்கே போவது? என் கண் எங்கள் ஊர்ப் பக்கிங்ஹாம் கால்வாய் மேல்தான் இருக்கிறது.

சென்னையிலிருந்து எண்ணூர் பக்கமாகப் போகும் பகுதிதான் அந்தக் கால்வாயில் முதலில் வெட்டியது. வேலை தொடங்கியது 1806ல். பிறகு தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்கள் கூலிக்கு மண் சுமந்து நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். விறகும் உப்பும் படகில் வந்தன. காற்று இல்லாத நேரத்தில் ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். அதாவது, கால்வாய் வெட்டியபோதே அதன் கரையும் ஆள் நடக்கிற வழியாக இருந்தது. அதுவும் ரயில் தடம் மாதிரிதான். மேடு பள்ளம் கிடையாது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட படகு இழுத்த கரைகளில்தான் இன்று ஜனங்கள் சைக்கிள் விடுகிறார்கள்.

தென்சென்னையில் அந்தக் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டாயிற்று. வடக்கே கால்வாய் இன்னும் வானம் பார்த்துத்தான் கிடக்கிறது. கொடுங்கையூர்க் கால்வாயும் அதில்தான் போய்ச் சேர்கிறது.

உடனே "கரையில் வீடுகள் இருக்கின்றனவே" என்பீர்கள். இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் எங்கள் வீடுகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், எங்கள் பிள்ளைகளோடு படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர். சைக்கிள் பாதை என்று சொல்லி அவர்களைக் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்புவதாக இருந்தால், எனக்கு அந்தப் பாதை வேண்டவே வேண்டாம். காலியாக இருக்கிற துண்டுகளில் தொடங்கலாம். வீடுகள் வரும் இடத்தில் உள்தெரு வழியாகச் சுற்றிப்போகலாம். இரண்டு மீட்டர் அகலம் போதும். இரு பக்கமும் லாரி நுழையாதபடி நான்கு கான்கிரீட் குட்டைத் தூண், இரவுக்கு விளக்கு, கால்வாய்ப் பக்கம் கைப்பிடிச் சுவர். அவ்வளவுதான்.

இன்னொன்று, எங்கள் குப்பைமேடு. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து எடுக்கும் வேலை நடக்கிறது. அது முடிந்து மீளும் நிலத்தை என்ன செய்வது என்று பெரிய பெரிய திட்டங்கள் பேசுகிறார்கள். எந்தத் திட்டம் வந்தாலும், அதன் ஓரத்தில் இந்த இரண்டு மீட்டரை இப்போதே கேட்டு வாங்கி வைக்க வேண்டும். கட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது.

சைக்கிள் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் வயலில் நாற்று நட்ட பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். அவர்களுக்குக் கிராமத்துச் சாலை காலியாகக் கிடைத்தது. எங்கள் பெண்களுக்கு சைக்கிள் கிடைத்துவிட்டது, சாலைதான் கிடைக்கவில்லை.

அடுத்த முறை வார்டு கவுன்சிலர் தெருவுக்கு வரும்போது, குடிநீரும் சாக்கடையும் கேட்டு முடித்த பிறகு, இதையும் கேட்கப் போகிறேன். எங்கள் தெரு அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "பொண்ணுக்கு மட்டும் இல்லம்மா, அந்த மாதிரி ரோடு வந்தா நானும் கத்துக்கறேன்" என்றார். அவருக்கு வயது 52.